நிறம் காட்டும் கருவியும் அசைவு செய்யும் மயக்கமும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பழமொழி. காதுக்கு எட்டாத ஒலியைக் கொண்டு கண்ணுக்குக் காட்சி அமைக்கும் கருவி ஒன்று மருத்துவமனைகளில் இருக்கிறது. வண்ண டாப்ளர் என்பது அதன் பெயர். உடலைக் கீறாமலே, உள்ளே ஓடும் இரத்தத்தை அது நிறமாகத் தீட்டிக் காட்டுகிறது. அந்த நிறம் எப்பொழுது மெய், எப்பொழுது பொய் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இரயில் வண்டி ஊதிக்கொண்டே நம்மை நெருங்குகையில் அதன் ஒலி உச்சமாகவும், கடந்து விலகுகையில் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? இத்தகைய மாறுதலின் விதியை 1842-ஆம் ஆண்டில் கிறிஸ்டியன் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் எடுத்துரைத்தார். வினாடிக்கு 50 இலட்சம் அதிர்வுகள் கொண்ட கேளா ஒலியை நாம் உடலுக்குள் செலுத்துவதாகக் கொள்வோம். வினாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் இரத்தம் கருவியை நோக்கி நேராக வந்தால், எதிரொலியில் ஏறக்குறைய 3,200 அதிர்வுகள் கூடியிருக்கும். அவ்வேறுபாட்டைக் கணித்து, நெருங்கி வருவதற்குச் சிவப்பும் விலகிச் செல்வதற்கு நீலமும் தீட்டுவது பொது வழக்கம். ஆகவே சிவப்பென்றால் தமனி, நீலமென்றால் சிரை என்று எண்ணுதல் தவறு.

இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கருவிக்கு இரத்தம் இன்னதென்று தெரியாது. அசைவு மட்டுமே தெரியும். தசையும் நாளச் சுவரும் தரும் எதிரொலி, இரத்தம் தரும் எதிரொலியைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேல் வலியது. நோயாளி இருமினாலும், பேசினாலும், குடல் அசைந்தாலும், சோதிப்பவரின் கை சற்றே நகர்ந்தாலும், இரத்தமே இல்லாத இடத்தில் நிறம் பளிச்சென்று பரவிவிடும். இதயத்தின் அடியிலே அமைந்த ஈரலின் இடப்பகுதி, இதயம் துடிக்குந்தோறும் இவ்வாறு மயக்குவதுண்டு.

இதைத் தடுக்கக் கருவியில் ஒரு வடிகட்டி உண்டு. மெதுவான அசைவுகளின் எதிரொலியை அது நீக்கிவிடும். ஆனால் மெதுவாக ஓடும் இரத்தமும் அதனுடன் நீங்கிப்போகும். வானொலியில் கரகரப்பைக் குறைக்கப் போய்ப் பாட்டின் மெல்லிய நயங்களையும் இழப்பது போன்றது இது.

இம்மயக்கத்தால் விளையும் கேடு சிறிதன்று. சிறுவன் ஒருவனுக்கு விரை முறுக்கிக்கொண்டு, அதற்குச் செல்லும் இரத்தம் நின்றுவிட்டதாகக் கொள்வோம். ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குள் அறுவை செய்தால் அவ்வுறுப்பைக் காப்பாற்றும் வாய்ப்பு மிகுதி. நேரம் கடக்கக் கடக்க அது குறைந்துகொண்டே போகும். வலியால் அழுது துடிக்கும் அவன் அசைவினால் திரையில் நிறம் மின்னுகிறது. இரத்தம் ஓடுகிறது என்று அதைக் கொண்டு முடிவு செய்தால், காக்க வேண்டிய நேரம் வீணாகிவிடும். வடிகட்டியை அளவுக்கு மீறி உயர்த்தினாலோ, மெல்ல ஓடும் சிரையும் அடைபட்டது போல் தோன்றும்.

அப்படியானால் மெய்யை அறிவது எவ்வாறு? மெய்யான ஓட்டம் நாளச் சுவர்களுக்குள் அடங்கி நிற்கும். தமனியாயின் இதயத் துடிப்புக்கு இசைந்து மீண்டும் மீண்டும் தோன்றும். பொய் நிறமோ கரை உடைத்த வெள்ளம்போல் எல்லை கடந்து பரவி, மறுகணமே மறையும். தேர்ந்த மருத்துவர் கையை அசையாமல் நிறுத்துவார், குழந்தையை அமைதிப்படுத்துவார், ஐயத்துக்குரிய இடத்தில் வேகத்தை அலைக்கோடாக வரைந்து பார்ப்பார், மறுபக்கத்து உறுப்போடும் ஒப்பிடுவார்.

மாணவ நண்பர்களே, எந்தக் கருவியாயினும் அது உண்மையில் எதை அளக்கிறது என்று முதலில் கேளுங்கள். என்றேனும் நீங்கள் இச்சோதனைக்குச் செல்ல நேர்ந்து, "மூச்சைச் சற்று அடக்குங்கள்" என்று மருத்துவர் சொன்னால், அதை வெறும் சடங்காக எண்ண வேண்டா. அந்தச் சில வினாடிகள் நீங்கள் அசையாதிருப்பது, அவர் மெய்யைக் காண்பதற்கு நீங்கள் செய்யும் உதவியாகும்.