2.25 ஹெக்டேருக்குக் கீழே: சூழலியல் ஆய்வு எதைப் பார்க்கிறது, எதைக் கடந்துபோகிறது?

நெமிலிச்சேரிக்கு மேற்கே திருநின்றவூர், கிழக்கே பட்டாபிராமும் ஆவடியும், தெற்கே கூவம் ஆறு. இடைப்பட்ட நிலம் ஏரி, தாங்கல், குட்டை, அவற்றை ஒன்றோடொன்று கோக்கும் வரத்துக்கால் என்று நீரை மையமாக வைத்து உருவானது. இன்று வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை இந்த ஊரைக் கடந்தே போகிறது. சாலையை ஒட்டி மனைப்பிரிவுகள் பெருகுகின்றன. இந்த நிலத்தில் எது பாதுகாக்கப்பட வேண்டிய ஈரநிலம், எது வெறும் பள்ளம், எந்தக் குடியிருப்பு ஆக்கிரமிப்பு என்று தீர்மானிப்பது யார்? வருவாய்த்துறை, நீதிமன்றம் என்று உடனே விடை சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர்களின் மேசைக்கு வரும் வரைபடத்தில் எதைக் குறிப்பது, எதை விடுவது என்ற முடிவு அதற்கு வெகுமுன்பே, ஆய்வாளர்களின் கூட்டங்களில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. இஸ்ரோவின் அகமதாபாத் மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2011இல் தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட நீர்நிலைகளே அதில் பரப்பளவுடன் வரையப்பட்டன. சிறியவை வெறும் புள்ளிகளாயின. 2.25 ஹெக்டேர் என்பது 1:50,000 அளவுள்ள வரைபடத்தில் மூன்று மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரம். அதற்கும் சிறியதை அந்த அளவில் வரைவது கடினம் என்ற தொழில்நுட்பக் காரணம் தவிர இந்த எல்லைக்கு வேறு நோக்கம் இல்லை. ஆனால் 2017இல் உச்ச நீதிமன்றம் ஈரநிலங்களைக் காக்க உத்தரவிட்டபோது, அந்தத் தொகுப்பில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவையாகக் கணக்கிடப்பட்ட 2,01,503 நீர்நிலைகளையே எடுத்துக்கொண்டது. படம் வரையும் வசதிக்காக இடப்பட்ட கோடு சட்டத்தின் எல்லைக்கோடாகிவிட்டது.

கோட்டுக்குக் கீழே நின்றவை எவை? ஊர்ப் பொதுக்குளத்தில் இறங்கும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள் தமக்கென்று வைத்திருந்த குட்டைகளும் ஊருணிகளும் பெரும்பாலும் சிறியவையே. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தது எதற்காக என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெரிய நீர் யாருடையது, சிறிய நீர் யாருடையது என்பதைச் சாதியே வகுத்துவைத்த நாட்டில், பரப்பளவை மட்டும் பார்க்கும் அளவுகோல், வைத்தவர் அறியாமலேயே சாதியையும் அளந்துவிடுகிறது.

பெரியவையும் தப்பவில்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் உருவாக்கிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கின. வடதமிழகத்து ஏரிகள் ஏறத்தாழ அனைத்தும் பாசனத்துக்காக மனிதர் கரை கட்டியவை. 'இயற்கையானது', 'செயற்கையானது' என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேறு நிலங்களின் சூழலியலிலிருந்து வந்தது. இங்கே ஆள்காட்டிக்குருவிக்கும் நாரைக்கும் அந்த வேறுபாடு தெரியாது. இப்படிச் சூழலியல் சட்டம் விலகி நிற்கும் இடத்தில் 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்து நிற்கிறது. அதன் கையில் இருக்கும் முதன்மைக் கருவி வெளியேற்றம்.

சூழலியலாளர் எதை ஆராய்வது என்று எப்படித் தேர்ந்தெடுக்கிறார்? அறிவியல் ஆர்வம் ஒரு காரணம்தான். நிதி வழங்குவோரின் விருப்பம், ஆய்வேட்டை முடிக்கக் கிடைக்கும் காலம், எளிதில் எண்ணக்கூடிய உயிரினம், பன்னாட்டு அங்கீகாரத்துக்கான வரையறை ஆகியவையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ராம்சார் பட்டியலில் ஓர் இடம் சேர்வதற்கான ஒன்பது அளவுகோல்களில் ஒன்று, அங்கே வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் கூட வேண்டும் என்பது. எனவே பறவைகள் எண்ணப்படுகின்றன. பள்ளிக்கரணையில் அந்த எண்ணிக்கை பெரும் பயன் தந்தது என்பதை மறுக்க முடியாது. குப்பைமேடாகவும் மனையாகவும் சுருங்கிக்கொண்டிருந்த சதுப்புநிலத்தைக் கேர் எர்த் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகள் ஆராய்ந்து ஆவணப்படுத்தின; 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது; 2022இல் 1,247.54 ஹெக்டேர் ராம்சார் தலமாயிற்று. ஆய்வு அரசின் கையைப் பிடித்து நிறுத்திய அரிய நிகழ்வு இது.

அதே சதுப்புநிலத்தின் தாழ்நிலத்தில்தான் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் எழுந்தன. கூவம் சீரமைப்புத் திட்டத்தில் 14,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அகற்றப்பட வேண்டியவையாகக் கணக்கிடப்பட்டன. அவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். ஆற்றைக் காக்கும் பெயரால் பலர் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். சிலருக்கு நெமிலிச்சேரிக்குத் தெற்கே, பூந்தமல்லிப் பக்கத்துக் கூடப்பாக்கத்தில் வீடு ஒதுக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. ஆயிரக்கணக்கான வீடுகள் கொண்ட மீள்குடியமர்வுக் குடியிருப்பும் அந்த விலக்குக்குள் வரும். ஆற்றங்கரையில் இருந்தவர்களை ஆற்றுக்கு ஏற்படும் பாதிப்பாகக் கணக்கிட்டார்கள். ஆற்றங்கரையை விட்டுச் சென்ற இடத்தில் அவர்களுக்கு நேரும் பாதிப்பைக் கணக்கிட எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் அவையில் யார் அமர்கிறார்கள் என்பதே இங்கு முக்கியம். பிரிட்டனில் வில்லியம் சதர்லண்டும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு பயனுள்ள முன்மாதிரி. கொள்கை வகுப்போரையும் ஆய்வாளர்களையும் கலந்து 1,003 கேள்விகளைத் திரட்டினார்கள். இரண்டு நாள் பயிலரங்கில் அவற்றை 100ஆகக் குறைத்தார்கள். ஆய்வுக்கும் கொள்கைக்கும் இடையே பாலம் அமைக்கும் இம்முறை பின்னர் பல நாடுகளிலும் பின்பற்றப்பட்டது. இரண்டு நாளில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் விழுந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். எது விழுகிறது என்பது அரங்கில் இருப்பவர் எவர் என்பதைப் பொறுத்தது. எங்கள் குடியிருப்பில் ஏன் மூன்று நாள் நீர் வடிவதில்லை என்று கேட்கும் பெண் அங்கே இல்லையென்றால் அந்தக் கேள்வி பட்டியலில் ஏறவே வாய்ப்பில்லை.

கேள்வியே கேட்காமல் கொள்கை வகுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் சான்று. எருமைகள் மேய்வது பறவைகளுக்குக் கேடு என்ற நம்பிக்கையில், கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்த கிராமத்தினர்மீது காவல்துறை சுட்டது, உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் பத்தாண்டுகள் அங்கே நடத்திய ஆய்வு நேர்மாறானதைக் கண்டறிந்தது. எருமைகள் போனபின் பாஸ்பாலம் என்ற புல் நீர்ப்பரப்பை மூடிக்கொண்டது. பறவைகளுக்கும் அதனால் இழப்பு. அளவான மேய்ச்சல் தேவை என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்குச் சட்டம் இடம்தரவில்லை. எருமை மேய்த்தவர்களிடம் முன்பே கேட்டிருந்தால் அந்தப் புல்லைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள்.

நம் பக்கத்திலும் கேட்கப்படாத அறிவு உண்டு. ஏரியின் மடையைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் நீர் பங்கிட்ட நீர்க்கட்டிகள் தமிழகத்தின் பல பகுதிகளில் தலித்துகள். மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூலில் தென்தமிழகத்து நீர்க்கட்டிகளைப் பற்றி விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். எந்தக் கலங்கல் எப்போது வழியும், எந்தக் கால் எங்கே தூர்ந்தது என்பது அவர்களின் அன்றாட அறிவு. தாக்க மதிப்பீட்டு அறிக்கையோ, பல திட்டங்களில், மழைக்காலம் அல்லாத ஒரே பருவத்தின் மூன்று மாதத் தரவோடு நிறைவடைகிறது. அதைத் தயாரிக்கும் ஆலோசகருக்கு ஊதியம் தருபவரும் திட்டத்தின் உரிமையாளரே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கொட்டும் நிலத்தில், வறண்ட மாதத்தில் போய்ப் பார்ப்பவருக்கு வரத்துக்கால் வெறும் புதர் மண்டிய பள்ளமாகத் தெரிவதில் வியப்பென்ன?

உள்ளே நுழைய வழியே இல்லையா? உண்டு, ஆனால் பயன்படுத்துவோர் குறைவு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உள்ளூர் மக்களைக் கலந்து அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். 2004இல் வந்த மத்திய விதிகள், அக்குழுவுக்கு நியமிக்கப்படும் அதிகபட்சம் ஆறு பேரில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் பெண்களும், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்றன. ஆறில் 18 விழுக்காடு என்பது ஒருவரா இருவரா என்று வாதிடும் அதிகாரிகளும் இருப்பார்கள். அது வேறு கதை. நெமிலிச்சேரியானாலும் வேறு ஊரானாலும் மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டியவை இவை: குழு அமைக்கப்பட்டதா, உறுப்பினர் யார் யார், எத்தனை முறை கூடினார்கள், பதிவேட்டுக்காகச் சேரியில் எவரிடம் பேசினார்கள், சேரியின் குட்டை அதில் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது.