வயிற்றுப் படத்தில் எதிர்பாராத நிழல்கள்

ஒரு நோயைத் தேடி வயிற்றைப் படம் பிடிக்கும்போது, தேடாத வேறொன்று அதில் புலப்படுவதுண்டு. ஒலியலைப் படமும் சி.டி. படமும் பரவிய பின்னர் இஃது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. அவ்வாறு காணப்படுவது அஞ்சத்தக்கதா, புறக்கணிக்கத்தக்கதா என்பதே வினா.

இதற்குக் கேரளம் தக்க சான்று அளிக்கிறது. சிறுநீரகக் கல்லைத் தேடி எடுத்த எக்ஸ்-ரே படத்தில், இடுப்புப் பகுதியின் முதலிரண்டு முள்ளெலும்புகளின் அருகே வெண்மையான கற்கள் தோன்றலாம். அவை கணையத்தின் நாளங்களில் சுண்ணாம்பு படிந்து உண்டானவையாகவும் இருக்கக்கூடும். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951-ல் தொடங்கப்பெற்றது. அங்குப் பணியாற்றிய டாக்டர் பி. ஜே. கீவர்கீஸ் இந்நோயாளிகள் பலரை ஆராய்ந்து, கணைய நீரிழிவு பற்றி 1968-ல் நூலொன்று வெளியிட்டார். நோயுற்றோரில் பலர் மது அருந்தாத, மெலிந்த இளைஞர்கள். சிறுவயதில் அடிக்கடி வயிற்றுவலி, பின்னர் நீரிழிவு என்பதே இந்நோயின் போக்கு. கொல்லம் மாவட்டத்தில் நடந்து 1994-ல் வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு நாட்பட்ட கணைய அழற்சி காணப்பட்டது.

மரவள்ளிக் கிழங்கே காரணமென முன்னர் ஐயுறப்பட்டது. ஆயின், அதனை உண்ணாதோரிடமும் நோய் காணப்பட்டது. நோயாளிகள் பலரிடம் 'ஸ்பிங்க்-1' என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது பிற்காலத்தில் தெரியவந்தது.

இக்கற்கள் தென்பட்டால், வலி இல்லாவிடினும் இரத்தச் சர்க்கரையைச் சோதித்தல் வேண்டும். பிற்காலத்தில் கணையப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் மிகுதியாதலால், மருத்துவக் கண்காணிப்பு தொடர வேண்டும்.

எனினும், எல்லா நிழலும் இத்தகையதன்று. சிறுநீரகத்தில் காணும் எளிய நீர்க்கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. முதுமையில் பலருக்கு உண்டு. தொல்லை தராத பித்தப்பைக் கல்லுக்கும் பொதுவாக அறுவை தேவையில்லை. அச்சத்தால் மீண்டும் மீண்டும் சி.டி. படம் எடுத்தால் கதிர்வீச்சே மிகும்.

ஆதலின், களப்பணியாளர் மக்களுக்கு உணர்த்த வேண்டுவன மூன்று: படத்தையும் அறிக்கையையும் பாதுகாத்தல்; பழைய படத்துடன் ஒப்பிடுமாறு மருத்துவரைக் கேட்டல்; அறிக்கையிலுள்ள ஒரு சொல்லைக் கண்டு தாமே முடிவு செய்யாதிருத்தல். அடிக்கடி வயிற்றுவலியால் வாடி மெலியும் மாணவனை மருத்துவமனைக்கு அனுப்புவது ஆசிரியர் கடன். வலியைச் சாக்கெனத் தள்ளிவிட்டால், படத்தில் காணவேண்டிய கல் காணப்படாமலே போகும்.