வாச்சாத்தி வன்கொடுமையும் பெற்றோர்நிலையும்: ஓர் உளவியல் விளக்கம்

முன்னுரை

பெருந்துயர் ஒன்றிற்கு ஆளானவரின் உள்ளத்தில், அந்நிகழ்வு முடிந்த பின்னரும் நீடித்து வருத்தும் நோயினைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்பர். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் இது தனி நோயாக இடம்பெற்றது. இந்நோய் குழந்தை வளர்ப்பினை எவ்வாறு பாதிக்கும் என்பதைத் தருமபுரி மாவட்ட வாச்சாத்தி நிகழ்வின் பின்னணியில் இக்கட்டுரை விளக்குகிறது. அவ்வூரார் எவருக்கும் நோய் உண்டெனத் தீர்மானிப்பது இதன் நோக்கமன்று.

வாச்சாத்தி நிகழ்வு

அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் அமைந்த வாச்சாத்தியில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். சந்தன மரக் கடத்தலைத் தடுக்கும் தேடுதல் என்ற பெயரில் 20.06.1992 அன்று வனம், காவல், வருவாய் ஆகிய துறையினர் ஊருக்குள் நுழைந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். வீடுகள் சூறையாடப்பட்டன, கிணறுகள் பாழ்படுத்தப்பட்டன. பெண்கள் பலர் குழந்தைகளோடு சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். தாயைக் காக்க இயலாத குழந்தை, குழந்தையைக் காக்க இயலாத தாய் என இருவரும் ஒரே நிகழ்வின் சாட்சிகளாயினர்.

நோய்க்கூறுகளும் குழந்தை வளர்ப்பும்

இந்நோயின் கூறுகளை நான்காக வகுப்பர். முதலாவது, நிகழ்வு மீண்டும் நடப்பதுபோல் உணர்தல். சீருடையோ வண்டியோசையோ அதனைத் தூண்டக்கூடும். அக்கணத்தில் எதிரே நிற்கும் குழந்தை பெற்றோரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டாவது, நினைவூட்டுவனவற்றைத் தவிர்த்தல். சந்தை, அலுவலகம், பள்ளிக்கூட்டம் ஆகியவற்றைப் பெற்றோர் தவிர்க்கும்போது குழந்தையின் உலகமும் சுருங்குகிறது. மூன்றாவது, உணர்வு மரத்துப்போதல். அன்பு இருந்தும் அதனை வெளிக்காட்ட இயலாமையைக் குழந்தை தன் குற்றமெனக் கொள்வதுண்டு. நான்காவது, மிகுவிழிப்பு. சிறு தாமதத்திற்கும் அஞ்சுதல், சினத்தல், மகளை வெளியே அனுப்ப மறுத்தல் ஆகியன இதன் வெளிப்பாடுகள். இவற்றைக் கண்டிப்பு என்றோ பாசமின்மை என்றோ கொள்வது பிழையாகும்.

வழக்கும் நினைவும்

வழக்கு 1995இல் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. 29.09.2011 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் அப்போது உயிரோடிருந்த 215 பேருக்குத் தண்டனை வழங்கியது. நிகழ்வின்போது 5 வயதாயிருந்த குழந்தை அன்று 24 வயதினை எட்டியிருக்கும். அதாவது, ஒரு தலைமுறையின் வளர்பருவம் முழுவதும் வழக்கினூடே கழிந்தது. நீதிக்காகத் துயரினை மீண்டும் மீண்டும் உரைக்க வேண்டியவர், வீட்டில் அதனை மறக்க முயல்பவராகவும் இருத்தல் இயல்பே. முழு மௌனம் குழந்தையின் கற்பனையில் அச்சத்தைப் பெருக்கும். அளவின்றி உரைப்பதோ பெற்றோரின் சுமையைக் குழந்தையின்மீது ஏற்றும். வயதிற்கேற்ற அளவில் உண்மையைக் கூறி, ‘இது உன் குற்றமன்று, என் குற்றமுமன்று’ என உணர்த்துவதே ஏற்புடைய வழி.

மீட்சி

பேரதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சை இந்நோய்க்குப் பயனளிப்பதாகும். நாள்தோறும் மாறாத உணவு, உறக்க ஒழுங்கு குழந்தைக்குப் பாதுகாப்புணர்வைத் தரும். தாய் தளரும் பொழுதில் பாட்டியோ சித்தியோ அருகிருத்தலும் சிகிச்சைக்குத் துணையாகும்.

29.09.2023 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்து, வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவர்களுக்கோ அவர்தம் குடும்பத்தினருக்கோ வேலை அல்லது சுயதொழில் வாய்ப்பு அளிக்கவும் பணித்தது. குடும்பத்தையும் கருத்திற்கொண்ட இவ்வாணை ஈண்டு நோக்கத்தக்கது.

முடிவுரை

குற்றவியல் வழக்கு, கொடுமைக்கு நேரடியாக ஆளானவரையே எண்ணுகிறது. ஆயின் அவர்தம் மடியில் வளர்ந்த குழந்தையும் அத்துயரின் நிழலில் வாழ்ந்தது. தவறு செய்யவில்லை என்று நாடறிய உரைக்கும் தீர்ப்பு, பெற்றோர் தம் பிள்ளைக்குக் கூறத்தக்க சொல்லினை அளிக்கிறது. அது 19 ஆண்டுகள் தாழ்ந்து வருவதும் பாதிப்பின் ஒரு பகுதியே. எனவே, மறுவாழ்வுத் திட்டங்கள் தனிநபரை மட்டுமன்றிப் பெற்றோரையும் பிள்ளையையும் ஒருங்கே கருதி, உளநலப் பராமரிப்பினைத் தொடக்கத்திலேயே உள்ளடக்குதல் இன்றியமையாதது.