குதிகால் வலியும் மருத்துவக் குறிப்பும்

காலையிற் கண்விழித்துப் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி எடுத்து வைக்கும்போதே குதிகாலில் முள் தைத்தாற் போன்ற வலி. பத்தடி நடந்தால் சற்றுத் தணிகிறது; சிறிது நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் தைக்கிறது. இவ்வலியைப் பற்றிக் கேள்விப்படாத வீடு தொம்மலூரில் இராது. நாள் முழுதும் கடையில் நிற்போர், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியைகள், காவற்பணி புரிவோர், சமையலறையை விட்டு நகராத தாய்மார் ஆகிய பலரையும் பற்றும் நோய் இது. பத்துப் பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளாவர் என மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன.

குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் தடித்த சவ்வுப் பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவை வில்லின் நாண் போல் தாங்கி நிற்பது அதுவே. சுமை மிகும்போது, எலும்பில் அது ஒட்டும் இடம் நைந்து நோகிறது. இதனை டாக்டர்கள் 'பிளான்டார் ஃபேசியைட்டிஸ்' என்பர். எக்ஸ்ரே படத்தில் எலும்பு முள் தெரிந்தால் அதுவே வலிக்குக் காரணம் என்று பலர் அஞ்சுகின்றனர். முள் இருந்தும் வலியில்லாதோர் உண்டு. வலி இருந்தும் முள் இல்லாதோரும் உண்டு.

இந்நோய்க்கும் நம் இளைஞர் சிலர் பார்க்கும் உத்தியோகத்திற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பெங்களூரிலும் சென்னையிலும் 'மெடிக்கல் கோடிங்' என்னும் தொழில் வளர்ந்திருப்பதை அன்பர்கள் அறிவர். கடல் கடந்த ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்களை இடுவதே இவ்வேலை.

இவ்வெண்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சு அறிஞர் ழாக் பெர்த்திலோன் 1893ஆம் ஆண்டில் மரண காரணங்களின் பட்டியல் ஒன்றை வகுத்தளித்தார். 1948ஆம் ஆண்டின் ஆறாவது திருத்தத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில், மரணத்தோடு நோய்களும் அதில் இடம் பெற்றன. பத்தாவது திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. பதினோராவது 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க நாடு பத்தாவது திருத்தத்தைத் தன் தேவைக்கேற்ப விரித்து, 2015 அக்டோபர் முதல் கையாண்டு வருகிறது.

அமெரிக்க அட்டவணையில் நம் குதிகால் நோயின் எண் 'எம் 72.2'. வலக்காலா இடக்காலா என்று இவ்வெண் சொல்லாது. குதிகால் முள்ளுக்கோ வலத்திற்கு எம் 77.31, இடத்திற்கு எம் 77.32 எனத் தனித்தனி எண்கள் உள்ளன. ஆகவே சவ்வு நோயில் எந்தக் கால் என்பதை டாக்டரின் குறிப்பு ஒன்றே காட்ட முடியும். மேலும் புறநோயாளிக் குறிப்பில் "இந்நோயாக இருக்கலாம்" என்று மட்டும் எழுதியிருந்தால், கோடர் அந்நோயின் எண்ணை இடலாகாது என்பது விதி. அப்போது பாத வலி என்னும் அறிகுறிக்குரிய எண்ணையே இட வேண்டும். எழுதாததை ஊகித்து இடுவதற்கு அவருக்கு உரிமை இல்லை.

நல்ல குறிப்பு எதுவெனில், எந்தக் கால், வலி தொடங்கி எத்தனை நாள், முதல் அடியில் மிகுகிறதா, எவ்விடத்தில் அழுத்தினால் நோகிறது, நோயாளி செய்யும் வேலை யாது, அதுவரை செய்த பயிற்சி, மாற்றிய செருப்பு, உண்ட மருந்து, போட்ட ஊசி ஆகியவற்றைத் தேதியுடன் கூறுவதாகும்.

இஃது எழுத்தர் விவகாரம் என்று ஒதுக்குவதற்கில்லை. குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அதனை அடிக்கடி போட்டால் சவ்வு அறுந்துபோகும் அபாயமும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயும் அபாயமும் உண்டு. வேலை நிமித்தம் ஊர் மாறும் நம் குடும்பங்களில், ஓர் ஊரில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டவர் மற்றோர் ஊரில் புதிய டாக்டரிடம் போகிறார். கையில் சீட்டு இல்லையேல் அவருக்கு எப்படித் தெரியும்?

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. இளவயதினர் ஒருவருக்கு இரு குதிகால்களும் நோக, காலையில் முதுகும் நெடுநேரம் விறைத்திருக்குமாயின், அது முதுகெலும்பு மூட்டு அழற்சியின் அறிகுறியாக இருக்கலாம். நீரிழிவுடையோர்க்குப் பாதம் மரத்துப்போவதும் தனியே ஆராய வேண்டியது. முதல் நாள் எழுதிய நோய்ப் பெயரையே ஒவ்வொரு முறையும் பெயர்த்தெழுதி வந்தால், இவை மறைந்துபோகும்.

நம் நாட்டு இன்ஷ்யூரன்ஸ் கோரிக்கைப் படிவத்திலும், ஆஸ்பத்திரி நிரப்பும் பகுதியில் இந்நோய் எண்ணுக்கு இடம் உண்டு. 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றோரின் ஏடுகளை மூன்றாண்டு காக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் அளிக்க வேண்டும். கேட்பது நம் உரிமை. ஆனால் புறநோயாளியாகச் சென்று வந்த சீட்டைக் காப்பது பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது.

தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோவிலில் பழந்தமிழ்க் கல்வெட்டுக்கள் உள்ளன. அளித்ததைக் கல்லில் எழுதிவைத்த ஊர் இது. நம் வீட்டு மருத்துவச் சீட்டுகளுக்கு ஒரு காகித உறை போதும். தேதி வாரியாக அடுக்கி, போட்ட ஊசியையும் ஒவ்வாத மருந்தையும் முதற்பக்கத்தில் குறித்துவைத்து, டாக்டரிடம் போகும்போதெல்லாம் உடன் கொண்டு செல்லுங்கள். குதிகால் நோய் பெரும்பாலோர்க்கு ஓராண்டிற்குள் அறுவையின்றியே நீங்கும். அதுவரை காலை நீட்டிச் செய்யும் பயிற்சியையும், மெத்தென்ற செருப்பையும், பொறுமையையும் கைவிடாதிருப்போமாக.