தாமரையிலையும் நுண்டுகிலும்

தாமரையிலையில் நீர் ஒட்டாதென்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். பற்றற்று வாழ்வாரைச் சுட்டுதற்கு அதனை உவமையாகவும் ஆண்டனர். ஆயின், நீர் ஏன் ஒட்டுவதில்லை என்னும் வினாவிற்கு விரிவான விடை கிடைத்தது அண்மைக் காலத்திலேயாம். ஜேர்மனியின் பொன் பல்கலைக்கழகத்துத் தாவரவியலறிஞர் பார்த்லொற், நைனூயிஸ் என்பாரோடு கூடி 1997இல் வெளியிட்ட ஆய்வில் அதனை விளக்கினார்.

வழுவழுப்பாகத் தோன்றும் அவ்விலை உண்மையிற் கரடுமுரடானது. கண்ணுக்குப் புலனாகாத சிறு மேடுகள் அதன்மேல் நெருங்கி நிற்கின்றன. அம்மேடுகளை அவற்றினும் நுண்ணிய மெழுகுக் குழாய்கள் போர்த்துள்ளன. நீர்த்துளி அவற்றின் நுனியை மாத்திரம் தொட்டு நிற்க, இடையே காற்றுத் தங்குகிறது. ஆதலின் துளி திரண்டு உருண்டு, புழுதியையும் வாரிக்கொண்டு ஓடுகிறது.

இவ்வியல்பை ஆடைக்கு ஊட்ட முயன்றதே நனோ நுட்பத்தின் ஒரு கிளை. ‘நனோ’ என்பது குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. தமிழிற் ‘குறள்’ என்பதற்கும் அப்பொருள் உண்டு. ஒரு நனோமீற்றர் என்பது மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. மனிதரின் தலைமயிர் ஏறத்தாழ 80,000 நனோமீற்றர் பருமனுடையது எனின், இவ்வளவையின் நுண்மை விளங்கும். துணி முழுவதையும் மெழுகுச்சீலைபோல் மூடாது, ஒவ்வோர் இழையையும் தனித்தனியே நுண்பூச்சாற் பொதிவதனால், பருத்தியின் மென்மையும் காற்றோட்டமும் கெடுவதில்லை, கறையும் படிவதில்லை. நாகவொட்சைட்டின் நுண்துகள் வெயிலின் புறவூதாக் கதிரைத் தடுக்கும். வெள்ளியின் நுண்துகள், வியர்வையை நாறச் செய்யும் பற்றீரியாக்களைக் கொல்லும்.

நன்மை இவ்வாறாக, தீமையும் நோக்கற்பாலது. ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், வெள்ளி சேர்த்த காலுறைகளை நீரிலே கழுவிச் சோதித்து, 2008இல் முடிவை வெளியிட்டனர். சில காலுறைகள் நான்கு கழுவலுக்குள் வெள்ளியை ஏறக்குறைய முற்றும் இழந்தன; வேறொரு வகையோ மிகச் சிறிதளவே இழந்தது. ஆகவே, குறை வெள்ளியில் மாத்திரமன்று, அதனை இழையோடு பிணைத்த முறையிலும் உளது. நீரிற் கலந்த வெள்ளி நாற்றப் பற்றீரியாவோடு நில்லாது, நீர்வாழ் உயிர்களுக்கும் ஊறு செய்யவல்லது. நீரை விலக்கும் புளோரின் பூச்சுக்களோ எளிதில் அழியாதவை. அவற்றைப் பல நாடுகள் கட்டுப்படுத்தி வருகின்றன.

இஃது அயலார் கவலையெனத் தள்ளுதற்கில்லை. ஆடை ஏற்றுமதி நம் நாட்டின் பெருவருவாய்களுள் ஒன்று. அரசும் தனியார் நிறுவனங்களும் கூடி 2008இலேயே இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தை அமைத்தன. அத்துறை புகும் மாணவர், “இத்துணி கறை படியாததா?” என்று வினாவுவதோடு அமையலாகாது. “இதனைக் கழுவிய நீர் எங்கே செல்கிறது?” என்றும் வினாவுதல் வேண்டும்.

தாமரையிலை குளத்திலே தோன்றி, தன்னைத் தானே தூய்மை செய்து, குளத்திலேயே மக்கி மறைகிறது. அதன் தூய்மையாற் குளம் மாசுறுவதில்லை. இலையின் அமைப்பைக் கற்ற விஞ்ஞானம் இதனையும் கற்குமாயின், அக்கல்வி நிறைவுறும்.