இயற்கைப் பண்ணையும் தூய பாலும்

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் ஆலைகள் பெருகிய பின்னரும் சுற்றுப்புறச் சிற்றூர்களில் கறவை மாடுகள் மறைந்துவிடவில்லை. ஆடவர் ஆலைக்குச் செல்ல, பெண்டிர் பால் கறந்து சங்கத்தில் ஊற்றும் குடும்பங்கள் பல உள. இயற்கை முறையில் மாடு வளர்க்க விரும்புவோர் என்னிடம் முதலில் வினவுவது பாலின் விலையைப் பற்றியே. நான் திருப்பிக் கேட்பதோ மாட்டின் மடியைப் பற்றி.

காரணம் உண்டு. இயற்கைப் பண்ணையில் நோய் வருமுன் காப்பதற்கென நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தல் ஆகாது. நோய் கண்டு மருத்துவர் கொடுக்க நேர்ந்தாலோ, 2001இல் கால்நடைகளுக்கும் விரிவாக்கப்பட்ட உலக உணவு நெறிமுறையின்படி, சட்டம் விதித்த விலக்கு நாட்களைப்போல் இரு மடங்கு, குறைந்தது 48 மணி நேரம், அப்பாலை இயற்கைப் பாலென விற்றல் கூடாது. ஒரே பசுவை நம்பிய வீட்டிற்கு இது சிறு நஷ்டமன்று.

ஆகையால் மடிநோயை முளையிலேயே கண்டுகொள்ளல் வேண்டும். ஒவ்வொரு காம்பிலும் முதற் பீச்சல்களைக் கறுப்புத் துணியின்மேல் விட்டுப் பார்த்தால், திரிதிரியாகத் தெரிவது நோய்க்கு அறிகுறி. கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி அவர்கள் பரப்பிய மூலிகை முறை எளியது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, சிறிது சிறிதாக நீரில் கரைத்து, நாளொன்றுக்கு 8 முதல் 10 முறை, 5 நாட்கள் மடியில் பூசுதல். காய்ச்சல் கண்டாலோ பாலில் இரத்தம் வந்தாலோ மருத்துவரை அழைக்கத் தாமதித்தல் தவறு.

கறந்தவுடன் பசுவைப் படுக்க விடலாகாது. காம்புத் துளை மூட அரைமணி நேரம் ஆகும். அதுவரை தீவனம் வைத்து நிற்கச் செய்தால் சாணத்திலுள்ள கிருமி உட்புகாது.

ஒருமுறை ஒரு சிற்றூரில், கழுவாத கேனில் வந்த ஒருவர் பால் பொதுத் தொட்டியில் கலந்து, அன்றைய பால் முழுதும் திரும்பியதைக் கண்டேன். லாக்டோமீட்டர் தண்ணீரைக் காட்டும், கிருமியைக் காட்டாது. நம் வெயிலில் கிருமிகள் அரைமணிக்குள் இரட்டிக்கக்கூடும். எனவே கறந்த பால் இரண்டு மணி நேரத்திற்குள் 4 பாகை குளிர்கலனை அடைதல் நலம்.

இன்னொன்று. ஆலைக் கழிவுநீர் ஓடும் கால்வாய்க் கரைப் புல்லை மாட்டிற்கு அறுத்துப் போடாதீர்கள். ஈயம் போன்றவை பாலில் இறங்கினால் காய்ச்சினாலும் போகா. பஞ்சாயத்துப் புறம்போக்கில் உள்ள அத்தகைய கரைகளைப் புல் ஏலத்திலிருந்து நீக்குவது உறுப்பினர்கள் கையில் இருக்கிறது.