பனிக்காலப் பயணம்: பிரேக்கின் பணி வேறு, டயரின் பணி வேறு

சிறுநீரகச் செயலிழப்புக்காகக் குருதிச் சுத்திகரிப்புப் பெறுபவர்கள் பொதுவாக வாரத்தில் மூன்று தடவை மருத்துவமனைக்கு வருகின்றனர். ஓராண்டில் இது 150இற்கும் மேற்பட்ட வருகைகளாகும். ஒன்ராறியோவில் அவற்றுள் கணிசமானவை பனி நிறைந்த மாதங்களில் அமைகின்றன. வேறு மருத்துவச் சந்திப்புகளைப் பிற்போடலாம். இதனை அவ்வாறு எளிதில் பிற்போட இயலாது. சுத்திகரிப்புத் தவறினால் உடலில் நீர் தேங்கி மூச்சுத்திணறல் ஏற்படலாம். குருதியில் பொட்டாசியம் உயர்ந்து இதயத்துடிப்பின் ஒழுங்கு குலையலாம். ஆகவே வீதி எந்நிலையில் இருப்பினும், மகனோ மகளோ வாழ்க்கைத்துணையோ காரைச் செலுத்த வேண்டியவராகின்றார். அவர்களுக்காகவே இதனை எழுதுகின்றோம்.

“காரில் ஏ.பி.எஸ். இருக்கிறதே, பனிக்கால டயர் எதற்கு?” என்று குடும்பத்தினர் எம்மிடம் கேட்பதுண்டு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றீடு அல்ல. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

பிரேக்கைப் பலமாக அழுத்தும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால், டயர் வீதியில் சறுக்கத் தொடங்கும். சறுக்கும் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. ஏ.பி.எஸ். அமைப்பு ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சி வேகத்தையும் கண்காணிக்கிறது. சக்கரம் பூட்டும் நிலையை நெருங்கியதும், பிரேக் அழுத்தத்தை ஒரு வினாடிக்குள் பல தடவை தளர்த்தி மீண்டும் கூட்டுகிறது. இதனால் பிரேக் பிடித்தபடியே காரைத் திருப்ப முடிகிறது.

அவ்வேளையில் பிரேக் மிதி பாதத்தின் கீழ் துடிக்கும். கரகரவென்ற ஓசையும் கேட்கும். இது பழுதன்று, அமைப்பு இயங்குவதன் அடையாளம். அச்சத்தில் காலை எடுத்துவிடுவதும், பழைய கார்களில் செய்ததுபோல் விட்டுவிட்டு அழுத்துவதும் தவறு. மிதியை உறுதியாக அழுத்தியபடியே, கார் செல்லவேண்டிய பக்கத்தை நோக்கி ஸ்டியரிங்கைத் திருப்புக.

எனினும் ஏ.பி.எஸ். புதிதாகப் பிடிமானத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் பிடிமானத்தை வீணாக்காமல் பயன்படுத்துகிறது. பனிக்கட்டியின் மேல் பிடிமானமே மிகக் குறைவு என்பதால், எத்தகைய பிரேக்காயினும் கார் நெடுந்தூரம் சென்றே நிற்கும். உதிரியான பனியிலோ நிலைமை இன்னும் வேறுபட்டது. பூட்டிய சக்கரம் தன் முன்னே பனியைக் குவித்து அதில் தடைப்பட்டு நிற்கக்கூடும், ஏ.பி.எஸ். உள்ள சக்கரம் தொடர்ந்து உருள்வதால், நிற்கும் தூரம் சற்றுக் கூடவும் கூடும். 2011 செப்டெம்பர் முதல் கனடாவில் புதிய பயணிகள் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இலத்திரனியல் உறுதிப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கும் இந்த வரம்பு உண்டு. இவை யாவும் டயர் தரும் பிடிமானத்தைக் கொண்டே இயங்குகின்றன.

வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, வழமையான டயரின் இறப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கத் தொடங்குகிறது. பனிக்கால டயரின் இறப்பர் குளிரிலும் நெகிழ்வுடன் இருக்கும். அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய வெட்டுகள் பனியைப் பற்றிக்கொள்ளும். ஆகவே முதற்பனி விழும்வரை காத்திராமல், குளிர் தொடங்கும்போதே டயரை மாற்றுவது நன்று.

டயர் வாங்கும்போது, மூன்று முகடுகளுடைய மலைக்குள் பனித்துகள் வரையப்பட்ட சின்னம் பக்கச்சுவரில் உள்ளதா எனப் பாருங்கள். செலவைக் குறைக்க இரண்டு டயர்களை மட்டும் மாற்றாதீர்கள். முன்சக்கரங்கள் பற்ற, பின்சக்கரங்கள் வழுக்கினால் கார் சுழன்றுவிடக்கூடும். நான்கும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். தேய்ந்து 4 மில்லிமீற்றர் ஆழத்தை நெருங்கிய டயர்கள் பனி மூடிய வீதிக்கு ஏற்றவையல்ல. குளிரில் டயரின் காற்றழுத்தமும் குறையும். 5 முதல் 6 பாகை வீழ்ச்சிக்கு ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. குறையலாம். மாதம் ஒருமுறையேனும், கார் ஓடாமல் ஆறியிருக்கும் வேளையில் அழுத்தத்தை அளந்து, சாரதியின் கதவருகே ஒட்டப்பட்டுள்ள அளவுடன் ஒப்பிடுங்கள்.

கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவின் தென்பகுதியில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆயினும் 2016 ஜனவரி முதல், பனிக்கால டயர் பொருத்தியவர்களுக்குக் கட்டணக் கழிவு வழங்கவேண்டியது இம்மாகாணக் கார்க் காப்புறுதி நிறுவனங்களின் கடமையாகும். தங்கள் காப்புறுதி முகவரிடம் இதனைக் கேட்டுப் பெறுங்கள்.

நல்ல டயரும் ஏ.பி.எஸ்.ஸும் இருந்தாலும், அவசரத்தை அவை ஈடுசெய்யா. முன்செல்லும் வாகனத்துக்கும் தங்களுக்கும் இடையிலான தூரத்தைப் பன்மடங்கு கூட்டுங்கள். நேரம் பிந்தும் என்ற பதற்றத்தில் விரையாதீர்கள். சுத்திகரிப்புக்குப் பிந்தி வருவதைச் சமாளிக்கும் வழிகள் உண்டு. தொலைபேசியில் அறிவித்தால் போதும்.

பனிப்புயல் முன்னறிவிக்கப்பட்டால், முதல் நாளே எமது பிரிவை அழையுங்கள். இயலுமாயின் சுத்திகரிப்பை முன்கூட்டியே செய்ய ஒழுங்குசெய்வோம். வீதி மூடப்பட்டு வரமுடியாது போனாலும் உடனே அறிவியுங்கள். அதுவரை நீரையும் உப்பையும் குறைத்து, வாழைப்பழம், தோடம்பழம், இளநீர், உருளைக்கிழங்கு போன்ற பொட்டாசியம் மிகுந்தவற்றைத் தவிர்க்க வேண்டும். மூச்சுத்திணறல், மிகுந்த தசைத்தளர்ச்சி, ஒழுங்கற்ற இதயத்துடிப்பு ஆகியன தோன்றினால், தாங்களே காரைச் செலுத்தி வராமல் 911ஐ அழையுங்கள்.

வீடு திரும்பும் பயணத்தையும் மறவாதீர்கள். சுத்திகரிப்பு முடிந்ததும் குருதியழுத்தம் குறைந்து தலைச்சுற்றும் களைப்பும் ஏற்படுவது வழமை. ஆகையால் பனிக்காலத்தில் நோயாளர் தாமே காரோட்டிச் செல்ல வேண்டாம். அழைத்துச்செல்ல எவரும் இல்லாதவர்கள் எமது சமூகப்பணியாளரிடம் கூறுங்கள்; தகுந்த போக்குவரத்து வழியைச் சேர்ந்து தேடுவோம்.